வெளிநாட்டில் ஒரு கைடு: முன்பே பேசி வைப்பதா, போய்ப் பார்த்துக்கொள்வதா?

விமான டிக்கெட் எடுத்தாயிற்று, அறை பதிவாயிற்று, விசாவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பலர் ஓர் இடத்தில் வந்து தடுமாறி நிற்கிறார்கள். ஊரைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே பிடிப்பது? தேடினால் ஒரே கோட்டைக்கு நாற்பது டூர் வந்து நிற்கிறது, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நட்சத்திர மதிப்பெண். ஒருவர் உங்களுக்காக மட்டும் வருகிறேன் என்கிறார். ஓர் இணையதளம் பதினைந்து பேரோடு சேர்த்து அனுப்புகிறேன் என்கிறது. இன்னொன்று இலவசம் என்கிறது.

இதை என்னிடம் கேட்பவர்களுக்கு இன்னோர் ஆசையும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வார்கள். இடங்களைப் பார்ப்பதோடு, அந்த ஊர் மனிதர் ஒருவரையாவது தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும். நியாயமான ஆசை. பயணம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு நினைவில் நிற்பவை தூண்களின் எண்ணிக்கையோ அரசர்களின் பெயரோ இல்லை, அவற்றின் முன்னால் நின்று பேசிய மனிதர்கள்தான். அதனால் இந்த ஒப்பீட்டில் விலை, வசதி, பாதுகாப்போடு ஊர் மனிதரோடு அப்படிப் பழகுவதற்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதையும் ஓர் அளவுகோலாக வைக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் சட்டம். சில இடங்களில் தேர்வு நம் கையிலேயே இல்லை. பெருவின் இன்கா பாதையில் உரிமம் பெற்ற நிறுவனமும் கைடும் இல்லாமல் காலடி வைக்க முடியாது. கைடுகளையும் சுமை தூக்குபவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. கலாபகோஸ் தீவுகளில் தேசியப் பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்குப் பூங்கா அங்கீகரித்த கைடு கூடவே வர வேண்டும், ஒரு கைடுக்கு 16 பேர்தான் உச்சம். கிளிமஞ்சாரோ மலையில் கைடு இல்லாமல் ஏற முடியாது. நேபாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவரின் மலைநடைக்கு உரிமம் பெற்ற கைடு வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. துருக்கியில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் கைடு தொழில் செய்யக் கூடாது. பிரிட்டனிலோ யாரும் கைடாக இருக்கலாம். அங்கே புகழ்பெற்ற ‘ப்ளூ பேட்ஜ்’ ஒரு தகுதிச் சான்றுதான். ஜப்பானில் 1949 முதல் அரசுத் தேர்வில் தேறியவர்களே காசு வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யலாம் என்றிருந்தது, 2018 ஜனவரியில் அது தளர்ந்தது. போகிற நாட்டில் எந்த வகை என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவதுதான் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது: அன்றைக்கு அந்தக் கைடுக்குப் படியளப்பவர் யார்? நீங்களா, ஒரு தளமா, பின்னாலிருக்கும் ஏஜென்சியா, வழியில் வரப்போகும் கடைக்காரரா? அவர் எந்தப் பாதையில் நடக்கிறார், எங்கே நிறுத்துகிறார், உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறாரா என்பதெல்லாம் இந்த ஒரு பதிலைத் தொடர்ந்தே வரும். அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல மனிதரும் கமிஷனில் குடும்பம் நடத்துபவராக இருந்தால் கடைக்குக் கூட்டிப் போகத்தான் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நேரமும் ஆள் எண்ணிக்கையும். இரண்டு மணி நேரத்தில் இருபது பேரோடு யாரையும் அறிந்துகொள்ள முடியாது. நான்காவது, ஏதாவது தவறிப்போனால் யாரைக் கேட்பது: ஆள் வரவில்லை, மழை கொட்டுகிறது, உடன் வந்தவருக்கு உடம்பு சரியில்லை. கடைசியாக மொழி. பெரும்பாலும் நீங்களும் கைடும் இருவருக்குமே தாய்மொழி அல்லாத ஒரு மொழியில்தான் பேசப்போகிறீர்கள். முன்கூட்டி ஐந்து நிமிடம் போனில் பேசிப் பார்க்க வழி இருக்கிறதா என்பது இதனாலேயே முக்கியம்.

ஒரு சின்னத் தெளிவு. பேக்கேஜ் டூரில் விமான நிலையத்திலிருந்து உங்களோடு வருபவர் டூர் மேனேஜர். பேருந்து, அறை, நேரம் இவையெல்லாம் அவர் பொறுப்பு. ஓர் ஊரின் வரலாற்றையும் வாழ்க்கையையும் அந்த ஊருக்கென்று படித்து விளக்குபவர்தான் கைடு. ஐரோப்பியத் தரநிலை ஒன்று 2003லேயே இந்த இரண்டையும் தனித்தனியாக வரையறுத்துவிட்டது. பேக்கேஜில் போகிறவர்கள், அந்தந்த ஊரில் உள்ளூர் கைடு தனியாக உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

## நேரடியாகப் பேசி அமர்த்தும் தனிக் கைடு

உரிமம் உள்ள நாடுகளில் கைடுகளுக்குச் சங்கங்கள் இருக்கும். அவற்றின் தளங்களில் பெயர், பேசும் மொழி, சிறப்பாகத் தெரிந்த துறை எல்லாம் பட்டியலாக இருக்கும். கட்டடக்கலை ஒருவருக்கு, பறவைகள் இன்னொருவருக்கு. அங்கிருந்து ஒருவருக்கு எழுதி, நாளையும் தொகையையும் பேசி முடிப்பதுதான் இந்த வழி. கொடுக்கிற காசு முழுவதும் அவர் கைக்குப் போகிறது. படியளப்பவர் நீங்கள்.

இதன் பலனை இஸ்தான்புல்லில் ஒரு முறை முழுதாக அனுபவித்தேன். காலையில் டோப்காபி அரண்மனையில் அந்தக் கைடு சொன்னதெல்லாம் தெளிவாக, ஒழுங்காக, நூறு தடவை சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆன பேச்சாக இருந்தது. மதியம் படகுக்காகக் காத்திருந்தபோது, “சின்ன வயதில் இங்கே எங்கே விளையாடுவீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அடுத்துப் போகவிருந்த இடத்தை விட்டுவிட்டு, தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேடேறும் ஒரு தெருவுக்குக் கூட்டிப் போனார். பார்க்கச் சிறப்பாக ஒன்றும் இல்லாத தெரு. ஆனால் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள், எந்தச் சுவரில் பந்து பட்டால் யார் திட்டுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, காலையில் கேட்ட சுல்தான்களெல்லாம் பின்னுக்குப் போய்விட்டார்கள். குழு டூராக இருந்திருந்தால் அந்தத் தெருவை நான் பார்த்திருக்கவே முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம், ஆனால் முன்பே கேட்டால் எல்லாமே வெளியே வந்துவிடும். சொன்ன தொகை ஆளுக்கா, குழுவுக்கா? பெரும்பாலும் குழுவுக்குத்தான். அதனால் தனியாகப் போகிறவருக்குச் சுமையாகத் தெரிவது நான்கு பேருக்கு மலிவாகிவிடும். நுழைவுச் சீட்டு தனியா? கைடுக்கும் சீட்டு எடுக்க வேண்டுமா? பல நாடுகளில் உரிமம் பெற்றவருக்குக் கட்டணம் இல்லை, சில இடங்களில் உண்டு. வண்டி யாருடையது? மதியச் சாப்பாட்டை அவர் பார்த்துக்கொள்வாரா, நீங்களா? முழு நாள் என்றால் எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் கணக்கு எப்படி? இவற்றை எழுத்தில் கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். இந்தத் தொழிலில் நன்கு இருப்பவர்கள் இவற்றுக்கெல்லாம் உடனே பதில் எழுதுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே ஒரு பதில்தான்.

உண்மையான குறை ஒன்று உண்டு. கைடுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் அனுப்ப நிறுவனம் கிடையாது. சங்க உறுப்பினராக இருந்தால் பெரும்பாலும் தன் நண்பர் ஒருவரை அனுப்புவார், ஆனால் அது அவருடைய நல்ல மனது. தொகை முழுவதையும் முன்கூட்டியே அனுப்பாமல் ஒரு பகுதியை மட்டும் அனுப்புவது இதற்காகத்தான்.

வயதான பெற்றோரோடு போகிறவர்கள், சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள், ஏதாவது ஒரு துறையில் ஆழமான ஆர்வம் உள்ளவர்கள் யோசிக்காமல் இந்தப் பக்கம் வரலாம். உட்கார வேண்டிய இடத்தில் உட்காரலாம், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பலாம்.

## ஆன்லைன் தளம் வழியாகக் குழு டூர்

டூர்களைப் பதிவு செய்யும் தளங்களில் வியேட்டர் 1995லும், கெட்யுவர்கைடு 2009லும் தொடங்கியவை. ஏர்பிஎன்பி 2016ல் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பெயரில் இந்தக் களத்துக்கு வந்தது. இந்தத் தளங்களின் பலம் வெளிப்படையானது: பல டூர்களை 24 மணி நேரத்துக்கு முன்புவரை ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்பும், ஆள் வராவிட்டால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கும், நூற்றுக்கணக்கானவர்களின் ரிவ்யூ கையில் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு விலையும் குறைவு.

படியளப்பது யார் என்று பார்த்தால் படம் மாறுகிறது. நீங்கள் கட்டுவதில் 20 முதல் 30 சதவீதம் வரை தளத்தின் கமிஷன். மீதி டூர் நடத்தும் நிறுவனத்துக்கு. அதிலிருந்து அன்றைய நாளுக்கென்று ஒரு கூலி கைடுக்கு. ஆகவே நீங்கள் நல்ல தொகை கட்டியும், முன்னால் நிற்பவர் குறைந்த கூலிக்கு ஒரே நாளில் மூன்றாவது குழுவை அழைத்துப் போகிறவராக இருக்கலாம். அவர் களைப்பாக இருந்தால் அது உங்கள் மேல் உள்ள அலட்சியத்தால் அல்ல.

விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் நின்று யோசியுங்கள். கெய்ரோவில் ஒரு டூர் மற்றவற்றின் பாதி விலைக்குக் கிடைத்தது என்று சேர்ந்தேன். பிரமிடுகளுக்கு முன்னால் நின்ற நேரத்தைவிட பப்பைரஸ் ஓவியக் கடையிலும் வாசனை எண்ணெய்க் கடையிலும் உட்கார்ந்த நேரம் அதிகம். கைடு நன்றாகப் படித்தவர், பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் எங்கள் கேள்வி எதையும் முடிக்க விடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த டூரின் மிச்ச விலையைக் கடைகள் கட்டிக்கொண்டிருந்தன. விவரத்தில் ‘கடைகளில் நிறுத்தம் இல்லை’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், கடை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவ்யூ படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் பெயர்களைப் பாருங்கள். பலரும் ஒரே கைடின் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தால், அந்த ஆளே வருவாரா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இது பெரும்பாலானவர்கள் செய்யாத ஒன்று. கேட்டால் பல நிறுவனங்கள் முடிந்தவரை ஏற்பாடு செய்கின்றன.

ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறது, ஊருக்கு வெளியே நெடுந்தூரம் போக வேண்டும், தனியாள், வண்டிச் செலவைப் பங்கிட ஆள் வேண்டும் என்றால் இதுதான் சரியான வழி. பழக்கம் என்று பார்த்தால், கைடைவிட உடன் வரும் பயணிகளோடுதான் அதிகம் நெருக்கமாவீர்கள்.

## ‘இலவச’ நடை டூர்

2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் பிரபலமாகி உலகம் முழுக்கப் பரவியது. கட்டணம் இல்லை, கடைசியில் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். பெயரில் இலவசம் இருந்தாலும் அந்தக் கைடின் அன்றைய வருமானம் முழுவதும் உங்கள் டிப்ஸ்தான். பல நிறுவனங்களில், வந்த ஒவ்வொரு தலைக்கும் கைடே நிறுவனத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். தொடக்கத்தில் உற்சாகமாக ஒரு குழுப் புகைப்படம் எடுப்பார்களே, பல இடங்களில் அது தலையெண்ணிக்கைக்காகவும்தான். இது தெரிந்த நாளிலிருந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இருபது பேர் வந்து பத்துப் பேர் கொடுக்காமல் போனால், அந்த மனிதர் தன் கையிலிருந்து போட்டு உங்களுக்கு ஊர் காட்டியதாகவும் ஆகிவிடலாம்.

டிப்ஸை நம்பியிருப்பதால் பேச்சு சுவாரசியமாக இருக்கும். சில நேரம் அந்தச் சுவாரசியத்துக்காக வரலாறு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். நல்ல கதையைக் கேட்டால் ரசியுங்கள், அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சத்தியம் செய்ய வேண்டாம்.

இதை வேறொரு விதமாகப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். ஊருக்குப் போன முதல் நாள் காலையில் இதில் சேருங்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரின் திசைகள் பிடிபடும். அதோடு கைடு எப்படிப் பேசுகிறார், கேள்விக்கு எப்படி முகம் கொடுக்கிறார் என்பதையும் நேரில் பார்த்துவிடுவீர்கள். பிடித்திருந்தால், டூர் முடிந்ததும் தனியாக வர முடியுமா என்று கேளுங்கள். பல கைடுகள் தனி டூரும் செய்பவர்கள். நாற்பது ரிவ்யூ சொல்லாததை இந்த இரண்டு மணி நேரம் சொல்லிவிடும். உரிமம் கட்டாயமான நாடாக இருந்தால், அட்டையைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

## கிரீட்டர்: ஊரைக் காட்ட முன்வரும் தன்னார்வலர்

பலருக்குத் தெரியாத வழி இது. 1992ல் நியூயார்க்கில் தொடங்கிய யோசனை, பிறகு பாரிஸ் உட்பட உலகின் பல நகரங்களுக்குப் பரவியது. அந்த ஊரில் வாழும் ஒருவர், தனக்குப் பிடித்த தன் பகுதியை இரண்டு மூன்று மணி நேரம் உங்களோடு நடந்து காட்டுகிறார். கட்டணம் இல்லை, டிப்ஸ் வாங்க மாட்டார். குழு ஆறு பேருக்கு மேல் போகாது. சில வாரங்களுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். உங்கள் ஆர்வமும் மொழியும் பார்த்து ஆளைப் பொருத்துவார்கள். கிடைக்காமலும் போகலாம்.

இங்கே படியளப்பவர் என்று யாருமே இல்லை. அதனால் பேச்சு ஆசிரியர் மாணவர் பேச்சாக இல்லாமல், பக்கத்து வீட்டாரோடு நடக்கிற பேச்சாக இருக்கும். வாடகை, பள்ளிக்கூடம், பேருந்து நேரம், மூடப்பட்ட தொழிற்சாலை எல்லாம் வரும். அருங்காட்சியகத்துக்குள் விளக்கம் கேட்க இவர் ஆள் இல்லை, அதற்கான அனுமதியும் இவரிடம் இருக்காது. ஏற்கெனவே ஒரு முறை பார்த்த நகரத்துக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இதில் செலவு பணமாக வராது, பொறுப்பாக வரும். சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். வர முடியாவிட்டால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒருவர் தன் விடுமுறை நாளைக் கொடுத்திருக்கிறார்.

## வாசலில் வந்து நிற்பவர்

சுருக்கமாகவே சொல்கிறேன். அதிகாரபூர்வக் கைடுகள் வாயிலிலேயே ஒரு முகப்பில் வரிசையாக இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே அட்டையையும் விலைப்பலகையையும் பார்த்து ஒருவரை அமர்த்துவதில் தவறே இல்லை. தெருவில் தானாக வந்து ஒட்டிக்கொள்பவர் வேறு. பாங்காக்கில் அரச மாளிகைக்குப் பக்கத்தில் “இன்று மூடியிருக்கிறது, நான் வேறிடம் காட்டுகிறேன்” என்று சொல்லி, டுக்டுக்கில் ஏற்றி ரத்தினக் கடைக்குக் கொண்டுபோய்விடும் ஏமாற்று பல ஆண்டுகளாக நடக்கிறது. மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் வாசல்வரை நடந்து பார்த்துவிடுங்கள். வேண்டாம் என்றால் ஒரே தடவை, நின்று பேசாமல், மரியாதையாகச் சொல்லிவிட்டு நடங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | படியளப்பவர் | மறைந்த செலவு | தவறினால் யார் பொறுப்பு | பழக வாய்ப்பு |
|---|---|---|---|---|
| நேரடித் தனிக் கைடு | நீங்கள் | சீட்டு, வண்டி, சாப்பாடு, கூடுதல் நேரம் | கைடு மட்டும் | மிக அதிகம் |
| தளம் வழிக் குழு டூர் | தளம், நிறுவனம், சில நேரம் கடை | கடை நிறுத்தங்கள், டிப்ஸ் | தளம் | குறைவு |
| ‘இலவச’ நடை டூர் | மொத்தக் குழுவின் டிப்ஸ் | மனச்சாட்சிப்படி ஒரு தொகை | பெரும்பாலும் யாருமில்லை | தொடக்கத்துக்கு நல்லது |
| கிரீட்டர் | யாருமில்லை | முன்கூட்டிய திட்டம் | ஏற்பாடு செய்யும் அமைப்பு | அதிகம் |
| தெருவில் வருபவர் | பெரும்பாலும் கடை | கணிக்க முடியாது | யாருமில்லை | நம்ப முடியாது |

மலைநடை, காட்டுப்பயணம் போல நான்கைந்து நாள் சேர்ந்து போகும் பயணங்களை இந்த அட்டவணையில் வைக்கவில்லை. அங்கே கைடு கையில் உங்கள் உயிரும் இருக்கிறது. உயரம் ஏறி மூச்சு திணறும்போது “இறங்கலாம்” என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்க வேண்டும். அதற்கு நிறுவனத்தின் முதலுதவி ஏற்பாடு, காப்பீடு, சுமை தூக்குபவர்களுக்கு அது கொடுக்கும் கூலி எல்லாவற்றையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மலிவான மலைநடையில் அந்த மலிவைச் சுமப்பது பெரும்பாலும் அவர்கள் முதுகுதான்.

## அமர்த்திய பிறகு

முதல் கடிதத்திலேயே உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்: யார் யார் வருகிறோம், எதில் ஆர்வம், எவ்வளவு நடக்க முடியும். ‘முக்கியமான இடங்கள் எல்லாம்’ என்று கேட்டால் எல்லோருக்கும் காட்டும் பாதைதான் கிடைக்கும். ‘பழைய அச்சகங்கள் இருந்த தெரு ஏதாவது உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிர்முனையில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

நாளை நிரப்பி வைக்காதீர்கள். ஐந்து இடம் இருந்தால் மூன்றாக்குங்கள். பழக்கம் விளைவது இடங்களுக்கு நடுவே இருக்கும் காத்திருப்பிலும் நடையிலும்தான். அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கைடு வேலைக்கு முன் என்ன செய்தார், இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று கேட்கலாம். அரசியல், மதம், சம்பளம் பற்றியெல்லாம் அவராகத் திறந்தால் மட்டும் பேசுங்கள். சில நாடுகளில் கைடு ஆட்சியைப் பற்றி வாய்விட்டுப் பேசினால் உரிமமே போய்விடும். அவர் பேச்சை மாற்றுகிறார் என்றால், பிடித்து இழுக்காமல் நீங்களும் மாறிக்கொள்ளுங்கள்.

தளம் வழியாகப் பழக்கமானவரிடம் அடுத்த நாளைக்கு வெளியே நேரடியாக வரச் சொல்வதிலும் கவனம் வேண்டும். பல தளங்களின் விதி அதைத் தடுக்கிறது, மாட்டினால் பாதிக்கப்படுபவர் அவர்தான். வர முடியுமா என்று கேட்கலாம், முடியாது என்றால் வற்புறுத்தக் கூடாது.

ஊர் திரும்பியதும் ரிவ்யூ எழுதுங்கள், பெயரைச் சொல்லி, எது பிடித்தது என்று விவரமாக. ஆனால் திட்டத்தில் இல்லாத இடத்துக்கு அன்பாக அழைத்துப் போனதையோ, தனிப்பட்ட முறையில் பகிர்ந்த வீட்டுக் கதையையோ அதில் எழுத வேண்டாம். நிறுவனமும் அதைப் படிக்கும். அவற்றை அவருக்கே தனியாக எழுதி அனுப்புங்கள், எடுத்த படங்களோடு. நாள் முழுக்கப் பிறருக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் கைடுகளிடம், தாங்கள் வேலை செய்யும் படம் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. இஸ்தான்புல்லின் அந்த மேட்டுத் தெருவில் கைடு கையை நீட்டி ஒரு சன்னலைக் காட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தை அவருக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: அதைத் தன் அம்மாவிடம் காட்டியதாகவும், அந்தச் சன்னல் யார் வீட்டுடையது என்பதில் தான் சொன்னது தப்பு என்று அம்மா திருத்தியதாகவும்.